கடைசிக் கோட்டையில் காத்திருப்பவன்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

விளையாட்டு இல்லாத குழந்தைப் பருவம் உலகில் எங்கும் இல்லை. திண்ணையில் அமர்ந்து கல்லாங்காய் ஆடினாலும், முற்றத்தில் கட்டம் கீறிப் பாண்டி ஆடினாலும், ஆடுகிற பிள்ளை ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொண்டே எழுந்திருக்கிறது. இன்று விளையாட்டின் ஒரு பெரும் பகுதி திண்ணையை விட்டுத் திரைக்குள் குடியேறிவிட்டது. "கைப்பேசியைக் கீழே வை" என்னும் குரல் கேட்காத வீடு நம் அன்னவாசலில் ஒன்றேனும் உண்டா? இவ்வாட்டங்களைப் பெரியோர் கடிந்துகொள்கின்றனர், பிள்ளைகள் விரும்புகின்றனர். ஆயினும் அவற்றுள் என்ன இருக்கிறது என்று அமர்ந்து ஆராய்பவர் குறைவு. ஆகவே, திரை ஆட்டங்களுள் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் கடைசிக் கட்டத்தில் காத்திருக்கும் பெரும் பகைவனைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். ஆடும் பிள்ளைகள் அவனை 'பாஸ்' என்றே அழைப்பார்கள். நாமும் அச்சொல்லையே வழங்குவோம்.

திட்டுக்குத் திட்டு தாவும் ஆட்டம்

சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டத்துக்குச் செல்லும் பாறைச் சரிவில், கால் வைத்து ஏறுவதற்கென்று முன்னோர் வெட்டிய ஏழு அடிகள் உள்ளன. அதனாலேயே அவ்விடத்துக்கு அப்பெயர் வந்தது. இன்று இரும்புக் கம்பி வேலி இருப்பதால் அச்சமின்றிச் செல்கிறோம். வேலி இல்லாத காலத்தில் ஓர் அடி தவறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! நாம் சொல்லும் திரை ஆட்டமும் இத்தகையதே. ஒரு சிறு மனிதன் ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டுக்குத் தாவிச் செல்ல வேண்டும். இடையில் பள்ளங்கள் உண்டு, நெருப்பு உண்டு, குறுக்கே வரும் சிறு பகைவர்கள் உண்டு. தவறினால் ஓர் உயிர் போகும். கட்டங்கள் அனைத்தையும் கடந்து சென்றால் கடைசியில் பாஸ் நிற்பான். அவனை வென்றால்தான் ஆட்டம் முடியும்.

இவ்வகை ஆட்டங்களுள் பெரும் புகழ் பெற்றது, ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரிலுள்ள நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'மாரியோ' வரிசை. 1889-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் முதலில் சீட்டுக்கட்டுகளையே செய்து விற்றது என்பது வியப்பான செய்தி. தமிழ்நாட்டிலும் 1990-களில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் 'டி.வி. கேம்' கடைகளில் விற்றது. கேசட்டைச் செருகினால் மாரியோ ஓடுவான். நம் பெற்றோரில் சிலருக்கு இது நினைவிருக்கலாம். கேட்டுப் பாருங்கள், தோழியரே! நம்மைக் கடிந்துகொள்ளும் மாமாக்களும் சித்தப்பாக்களும் ஒரு காலத்தில் அவன் பின்னால் ஓடியவர்களாக இருக்கக்கூடும்.

நம் பழைய ஆட்டங்களில் பெரும் பகைவர்

பெரும் பகைவனைக் கடைசியில் வைக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் பல வீடுகளில் விரிக்கப்படும் பரமபதப் படத்தை நோக்குங்கள். நற்குணங்கள் ஏணிகளாகவும் தீய குணங்கள் பாம்புகளாகவும் அதில் தீட்டப்பட்டுள்ளன. உச்சியை நெருங்கும் வேளையில் ஒரு நீண்ட பாம்பு வாய் திறந்து காத்திருக்கும். அதன் வாயில் அகப்பட்டவர் வெகு கீழே இறங்கிவிடுவார். ஆனால் பரமபதத்தில் தாயம் விழுவது நம் கையில் இல்லை. பாம்பை வெல்லும் திறமை என்று ஒன்று அங்கே கிடையாது. காத்திருக்கும் பொறுமையே ஆடுபவரின் துணை.

ஆடுபுலி ஆட்டம் இதற்கு மாறானது. இருபத்து மூன்று புள்ளிகள் கொண்ட கட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதுகின்றன. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடு புலியை வெட்ட முடியாது. ஆயினும் ஆடுகள் இடைவெளி விடாமல் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நின்றால் புலி அசைய இடமின்றி அடைபட்டுப் போகும். வலிமையால் வெல்ல முடியாத பகைவனை, அவன் நகரும் முறையை அறிந்து வெல்லலாம் என்பதே இவ்வாட்டத்தின் பாடம். இதே பாடத்தைத் திரை ஆட்டத்திலும் காணப் போகிறோம்.

பவுசர் என்னும் ஆமை அரசன்

மாரியோ வரிசையின் பாஸ் பவுசர் என்னும் ஆமை அரசன். முதுகில் முள் ஓடு, தலையில் கொம்பு, வாயில் நெருப்பு. ஜப்பானிய மொழியில் அவன் பெயர் 'குப்பா'. இப்பெயர் கொரிய நாட்டின் ஓர் உணவுப் பெயரிலிருந்து வந்தது. அவ்வுணவு சூடான சாற்றில் சோறு இட்டு உண்பது. உலகை நடுங்க வைக்கும் அரசனுக்கு ஏறத்தாழ நம் ரசஞ்சோற்றின் பெயர்! ஆட்டத்தை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ, அவனை முதலில் ஓர் எருது அரக்கனாகவே எண்ணியிருந்தார். உடன் பணியாற்றிய தகாஷி தெசுகா, படத்தில் இருப்பது ஆமையைப் போல அல்லவா இருக்கிறது என்று கூற, அவன் ஆமையானான்.

'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் ஆட்டம் 1985-இல் வெளிவந்தது. அதில் எட்டு உலகங்கள். உலகத்துக்கு நான்கு கட்டங்கள். ஆக முப்பத்திரண்டு கட்டங்கள். ஒவ்வோர் உலகத்தின் முடிவிலும் ஒரு கோட்டை உண்டு. ஒரு பாலமும், பாலத்தின் மேல் பவுசரும், கீழே தீக்குழம்பும் உண்டு. பவுசரைத் தாண்டிச் சென்று மறுமுனையிலுள்ள கோடரியைத் தொட்டால் பாலம் அறுந்து அவன் கீழே விழுவான். ஆனால் இளவரசி அங்கே இருக்கமாட்டாள். வேறொரு கோட்டையில் இருக்கிறாள் என்ற செய்திதான் கிடைக்கும். இப்படி ஏழு முறை!

இதில் ஒரு நுட்பம் உண்டு. முதல் ஏழு கோட்டைகளில் நிற்பவர்கள் உண்மையான பவுசர்கள் அல்லர். கோடரியைத் தொடாமல் நெருப்புப் பந்துகளை எறிந்து வீழ்த்தினால் வேடம் கலைந்து, வழியில் நாம் மிதித்துச் சென்ற சிறு பகைவர்களுள் ஒருவன் விழுவதைக் காணலாம். எட்டாவது கோட்டையில் நிற்பவனே உண்மையானவன். அக்கோட்டையின் கடைசிக் கட்டமோ ஒரு புதிர்வழி. தவறான குழாயில் இறங்கினால் முன்பு நின்ற இடத்துக்கே வந்து சேர்வோம்.

கடைசிக் கட்டம் கடினமாக இருப்பினும் நேர்மையானது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முதல் கோட்டையிலும் பாலம், கோடரி, நெருப்பு. எட்டாவது கோட்டையிலும் அவையே. இடையில் பவுசர் சுத்தியல் எறியக் கற்றுக்கொள்கிறான். ஆனால் சுத்தியல் எறியும் வேறு பகைவர்களை நாம் முன்பே வழியில் சந்தித்திருப்போம். முன்பு கற்பிக்காத ஒன்றைக் கடைசியில் கேட்பதில்லை. இதனால்தான் தோற்றவர் ஆட்டத்தைக் குறை கூறாமல், 'இன்னும் ஒரு முறை' என்கிறார்.

அவன் பலமே அவன் பலவீனம்

ஆண்டுகள் செல்லச் செல்லப் பவுசரை வெல்லும் வழிகளும் மாறின. 1988-இல் ஜப்பானில் வெளிவந்த மூன்றாம் ஆட்டத்தில், பவுசர் உயரத் தாவி மாரியோவின் மேல் விழப் பார்க்கிறான். மாரியோ விலகிக்கொண்டால் அவன் எடையில் செங்கல் தரை உடைகிறது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழவைத்தால் தன் எடையாலேயே தரையை உடைத்துக்கொண்டு கீழே போய்விடுகிறான். 1990-இல் வந்த 'சூப்பர் மாரியோ வேர்ல்டு' ஆட்டத்தில், அவன் எறியும் இயந்திர ஆமைகளையே எடுத்து அவன் தலைமேல் எறிய வேண்டும். 1996-இல் வந்த 'சூப்பர் மாரியோ 64' ஆட்டத்தில் அவன் வாலைப் பிடித்துச் சுழற்றி, சுற்றிலும் உள்ள வெடிகளின் மேல் வீச வேண்டும். உடல் பெரிதாக இருப்பதால் வாலும் பிடிக்க வாகாக இருக்கிறது! புலியை ஆடு அடைப்பதுபோல், மூன்று இடங்களிலும் பகைவனின் பலமே அவனுக்குப் பகையாகிறது.

அந்த 1996-ஆம் ஆண்டு ஆட்டத்தில் மற்றொரு விந்தையும் உண்டு. கடைசிக் கோட்டைக்கு ஒரு படிக்கட்டு செல்கிறது. ஆட்டத்தில் மொத்தம் நூற்றிருபது நட்சத்திரங்கள் உள்ளன. அவற்றுள் எழுபதேனும் சேர்க்காதவர் அப்படிகளில் எவ்வளவு ஏறினாலும் உச்சி வாராது. ஏறிக்கொண்டே இருப்பார், நின்ற இடத்திலேயே இருப்பார். எழுபது சேர்ந்தபின் அதே படிகள் சற்று நேரத்தில் முடிந்துவிடும். ஜூன் மாதத்தில் புத்தகத்தைத் தொடாமல் மார்ச் மாதத்தில் விடிய விடிய விழித்திருப்பவர்களை எண்ணி இதை அமைத்தார்களோ என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம்; சிலர் சிறிது குறைவாகச் சிரித்தோம்.

மற்ற ஆட்டங்களின் பகைவர்கள்

பிற நிறுவனங்களும் இவ்வகை ஆட்டங்களை வரிசையாக வெளியிட்டன. காப்காம் நிறுவனத்தின் 'மெகா மேன்' 1987-இல் தொடங்கியது. அதில் டாக்டர் வைலி என்னும் தீய விஞ்ஞானியே கடைசிப் பகைவர். அவரை அடையும் முன் இயந்திர வீரர்கள் ஆறு பேரை வெல்ல வேண்டும். இரண்டாம் ஆட்டத்தில் இது எட்டாயிற்று. ஒருவனை வென்றால் அவன் ஆயுதம் நமக்குக் கிடைக்கும். அந்த ஆயுதம் வேறொருவனை எளிதில் வீழ்த்தும். எந்த வரிசையில் செல்வது என்பதை ஆடுபவரே கண்டறிய வேண்டும். கணக்கில் தேர்ந்தவளுக்கு இயற்பியல் எளிதாவதுபோல் எனலாம். தோற்ற டாக்டர் வைலி மண்டியிட்டுக் கெஞ்சுவார். அடுத்த ஆட்டத்தில் மீண்டும் வந்து நிற்பார்!

சேகா நிறுவனத்தின் 'சோனிக்' 1991-இல் வெளிவந்தது. நீல நிற முள்ளெலி ஒன்று மின்னல் வேகத்தில் ஓடும். கையில் ஒரே ஒரு வளையம் இருந்தாலும் அடிபட்டால் உயிர் தப்பும். ஆனால் டாக்டர் எக்மேனை எதிர்க்கும் கடைசி மண்டலத்தில் வளையங்களே கிடையா. கையில் ஒன்றுமின்றி, கற்றதை மட்டும் துணையாகக் கொண்டு நிற்க வேண்டும்.

1994-இல் வந்த 'டாங்கி காங் கன்ட்ரி' ஆட்டத்தின் பகைவன் கே. ரூல் என்னும் முதலை அரசன். அடிபட்டு அவன் விழுந்தவுடன் திரைப்படத்தின் முடிவில் வருவதுபோல் பெயர்கள் ஓடத் தொடங்கும். வென்றுவிட்டோம் என்று கருவியைக் கீழே வைத்தவர் ஏமாந்தார்! அவன் மீண்டும் எழுந்து தாக்குவான். விடைத்தாளை மடித்துக் கொடுக்கும் முன் ஒரு முறை திருப்பிப் பாருங்கள் என்று நம் ஆசிரியைகள் கூறுவது எதற்கு என்று இப்போது விளங்குகிறது அல்லவா?

இவ்வரிசைகளுக்குப் பின்னால் பெண்களின் உழைப்பும் இருக்கிறது. முதல் 'மெகா மேன்' ஆட்டத்தின் இசையை அமைத்தவர் மனாமி மட்சுமே என்னும் பெண்மணி. முதல் 'சோனிக்' ஆட்டத்துக்குச் சித்திரம் தீட்டியவர்களுள் ரியெகோ கொடாமா என்பவரும் ஒருவர். 2022-இல் மறைந்த இவர், பிற்காலத்தில் பல ஆட்டங்களை முன்நின்று உருவாக்கியவர்.

கோட்டைக்குள் இருந்தவள்

பெண்கள் பள்ளியின் மலரில் எழுதும் நாம் கேட்காமல் விட முடியாத கேள்வி ஒன்று உண்டு. முப்பத்திரண்டு கட்டங்கள் ஓடுவது மாரியோ. நெருப்பு உமிழ்வது பவுசர். இளவரசி பீச்சுக்கு என்ன வேலை? காத்திருப்பது!

1981-இல் மியாமோட்டோ உருவாக்கிய 'டாங்கி காங்' ஆட்டத்திலும் இதுவே கதை. ஒரு பெருங்குரங்கு பாலின் என்னும் பெண்ணைச் சாரத்தின் உச்சியில் வைத்திருக்கும். பிற்காலத்தில் மாரியோ எனப் பெயர் பெற்றவன் கீழிருந்து ஏறி வருவான். கடைசிக் கட்டத்தில் எட்டு ஆணிகளை நீக்கினால் குரங்கு தலைகீழாக விழும். பாலின் உதவிக்குக் குரல் கொடுத்தபடி நிற்பாள். அவ்வளவே.

ஆனால் கதை அங்கேயே நிற்கவில்லை. 1988-இல் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டாம் மாரியோ ஆட்டத்தில் இளவரசி தானே ஓடினாள். காற்றில் மிகுந்த நேரம் மிதக்கும் திறமை அவளுக்கே உண்டு. அதன் பாஸ் ஒரு தவளை அரசன். அவனுக்குக் காய்கறி ஆகாது! அவன் வாய்க்குள் காய்கறிகளை எறிந்தே அவனை வெல்ல வேண்டும். மதிய உணவில் கத்திரிக்காயை ஒதுக்கி வைக்கும் தோழியருக்கு இச்செய்தியைச் சமர்ப்பிக்கிறோம்.

1990-ஆம் ஆண்டு ஆட்டத்தில் சிறைப்பட்டிருந்த நிலையிலும் இளவரசி சண்டையின் நடுவே மாரியோவுக்குப் பலம் தரும் காளானை எறிந்து உதவினாள். 2005-இல் ஜப்பானில் வந்த 'சூப்பர் பிரின்சஸ் பீச்' ஆட்டத்தில் சிறைப்பட்டவன் மாரியோ. மீட்கப் போனவள் பீச். ஆனால் அழுகை, கோபம், மகிழ்ச்சி, அமைதி ஆகிய உணர்ச்சிகளையே அவளுக்கு ஆயுதமாக வைத்தார்கள். பெண் என்றாலே அழுகையும் கோபமுந்தானா என்று எங்களுள் சிலர் வாதாடினர். அழுதுகொண்டே ஆயினும் கோட்டைக்குப் போனாள் அல்லவா என்று வேறு சிலர் பதில் கூறினர். வாதம் இன்னும் முடியவில்லை.

2017-இல் வந்த 'சூப்பர் மாரியோ ஒடிஸி' ஆட்டத்தில் பவுசர் பீச்சை நிலவுக்குக் கொண்டுபோய் வலுக்கட்டாயமாக மணக்கப் பார்க்கிறான். மாரியோ அவனை வெல்கிறான். குகை இடிந்து விழுகையில் மாரியோ பவுசரின் உடலுக்குள்ளேயே புகுந்து, அவன் பலத்தைக் கொண்டு பீச்சைக் காப்பாற்றுகிறான். பிறகு இருவரும் ஆளுக்கொரு மலரை நீட்டி, என்னை மணந்துகொள் என்று அவளை நெருக்குகின்றனர். இளவரசி இருவரையும் மறுத்துவிடுகிறாள்! பின்பு நாடு நாடாகப் பயணம் போகிறாள். அதே ஆட்டத்தில் பாலின் ஒரு பெருநகரின் மேயராக வருகிறாள். 1981-இல் சாரத்தின் உச்சியில் கையசைத்து நின்ற பெயருக்கு 2017-இல் மேயர் பதவி! 2023-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்' ஆட்டத்தில் பீச்சும் டெய்சியும் மாரியோவோடு சேர்ந்து ஓடுகின்றனர். 2024-இல் பீச்சையே தலைவியாகக் கொண்ட ஆட்டம் மீண்டும் ஒன்று வந்தது.

அளவுக்கு மிஞ்சினால்

இவ்வளவு கூறியதால் இரவும் பகலும் ஆடலாம் என்று பொருளன்று. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் திரை ஆட்ட அடிமைத்தனமும் இடம்பெற்றுள்ளது. நிறுத்த முடியாமை, மற்ற வேலைகளை விட ஆட்டத்தையே பெரிதாக எண்ணுதல், கேடு விளைந்தும் தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களோ முற்றிலும் வேறானவை. அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அங்கே கடைசிப் பகைவன் என்று ஒருவன் இல்லை. ஆகவே ஆட்டத்துக்கு முடிவும் இல்லை. மாரியோவின் ஆட்டத்துக்கு ஒரு முடிவு உண்டு. பவுசர் விழுந்ததும் எழுந்து வேலையைப் பார்க்கலாம். முடிவுள்ள ஆட்டத்தைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

முடிவுரை

எங்கள் வகுப்பினர் அனைவருக்கும் இவ்வாண்டு ஒரு கோட்டை காத்திருக்கிறது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாலங்கள். பாடநூலுக்கு வெளியே அது கேட்பதில்லை. ஆதலால் அதுவும் நேர்மையான பகைவனே. அதற்கு நாங்கள் அஞ்சவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. காலாண்டுத் தேர்விலும் அரையாண்டுத் தேர்விலும் வேடமிட்ட பவுசர்களைப் பார்த்துவிட்டோம் என்று மட்டும் சொல்லலாம்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அதனைப் பெற்றோர்களின் முன்னிலையில் பணிவுடன் வைக்கிறோம். 1985-ஆம் ஆண்டு ஆட்டத்தில் மாரியோவுக்குத் தொடக்கத்திலேயே மூன்று உயிர்கள் கொடுக்கப்பட்டன. பள்ளத்தில் விழுந்தவனை, 'உனக்கு ஆட்டம் வராது, வீட்டில் இரு' என்று யாரும் சொல்லவில்லை. எங்கு விழுந்தான், ஏன் விழுந்தான் என்று பார்த்து மீண்டும் ஓடினான். நம் சுற்றுவட்டார ஊர்களில் ஒரு பாடத்தில் தவறிய பையனுக்கு அடுத்த உயிர் எளிதில் கிடைத்துவிடுகிறது. பெண்ணுக்கோ சில வீடுகளில் ஒரே உயிர்தான். மதிப்பெண் முப்பத்தைந்துக்கு ஒன்று குறைந்தாலும், படித்தது போதும் என்று புத்தகத்தைக் கட்டி வைத்துவிடுகின்றனர். பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வதைச் சட்டம் தடுத்தும், மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வீட்டில் எழுந்துவிடுகிறது.

அன்புள்ள பெற்றோர்களே! தவறியவர்களுக்கு அரசே துணைத்தேர்வு என்னும் இரண்டாம் உயிரைக் கொடுக்கிறது. அதே ஆண்டில் எழுதி, அதே ஆண்டில் மேல்வகுப்பில் சேரலாம். அரசு கொடுக்கும் உயிரை வீடு பறித்துவிடலாகாது. எங்களுள் யாரேனும் தவறினால் எங்கே தவறினாள் என்று அவளைக் கேளுங்கள். மறுபடியும் எழுத அனுப்பிவையுங்கள். வென்று வருபவளை மாலையிட்டு வரவேற்க ஊரே வரும். விழுந்தவள் எழுந்து ஓடுவதற்கு வீட்டார்தான் வேண்டும்.

தோழியரே, கோட்டைக்குள் நம்மை யாரோ வந்து மீட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நாமே ஓடுவோம், விழுந்தால் எழுவோம், வழியில் விழுந்து கிடப்பவளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டே மேலே செல்வோம்.